பிஸ்கட் டப்பாவின் எடை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: செகந்திராபாத், மாரெட்பள்ளியில் இரண்டாவது மாடி வீட்டில் வசிப்பவரும், மத்திய அரசின் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவரும், தற்போது ஓவியருமான திரு. ஜகதீசன் அவர்கள், ஜூன் மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு அக்ரிலிக் வண்ணங்களைத் துறந்து அச்சுக்கலைக்குள் பிரவேசித்தார். உலகக் கலை வரலாறு அந்த நிமிடத்தில் லேசாகத் திரும்பிப் படுத்தது. அதை நேரில் கண்டவர்கள் அவருடைய மனைவி கல்பகமும், தட்டில் இருந்த நான்கு இட்லிகளும் மட்டுமே.

"அக்ரிலிக் முடிஞ்சுடுத்து, கல்பா."

"தீர்ந்துபோச்சா? போன வாரம்தானே வாங்கினேள்?"

"டப்பாவுல தீரலை. எனக்குள்ள முடிஞ்சுடுத்து."

"அப்போ அந்த நீல பக்கெட்டைக் குடுத்துடுங்கோ. துணி ஊற வெக்கணும்."

பக்கெட் திரும்பி வந்தது. அக்ரிலிக் காலகட்டம் அத்துடன் நிறைவுற்றது. அதற்கு முன்னால் எட்டு மாதம் நீர்வண்ணக் காலகட்டம் ஒன்று இருந்தது. அதன் விளைவாக அந்தத் தெருவில் ஹுசைன் சாகர் ஏரிப் படம் இல்லாத வீடே கிடையாது. பல் டாக்டரின் வரவேற்பறையில்கூட ஒன்று தொங்கியது. காத்திருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் பல் பிடுங்குவது அவ்வளவாகத் தெரியவில்லை என்று பேச்சு. ஒவ்வொரு படத்துக்கும் ஜகதீசன் ஒரு பக்கம் ஒதுக்கி, நோக்கம், செய்முறை, காணப்பட்டது, முடிவு என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வைத்தார். ஆய்வுக்கூடத்துப் பழக்கம். உலோகம் எத்தனை தடவை வளைந்தால் களைத்துப்போய் முறியும் என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே அவர் வேலை. ஒரு கம்பியில் விரிசல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அது வரப்போகிற இடத்தை விரல் வைத்துக் காட்டிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். அவர் வீட்டிலேயே முப்பத்து நான்கு வருஷமாக நாள் தவறாமல் வளைந்துகொண்டிருந்த பத்து விரல்கள் அந்த நிபுணத்துவத்தின் எல்லைக்குள் வரவில்லை.

கல்பகத்துக்கு முடக்குவாதம் தொடங்கி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு அவள் கையில் குரோஷா ஊசி இல்லாத சாயங்காலம் கிடையாது. டிவிக்கு, டெலிபோனுக்கு, மிக்சிக்கு, சோபா முதுகுக்கு, தண்ணீர்ச் சொம்புக்கு என்று வீட்டில் அசையாத பொருள் எல்லாவற்றுக்கும் அவள் பின்னிய உறை ஒன்று இருந்தது. ஜகதீசன் அதை வைத்துப் பல வருஷம் நல்ல பெயர் வாங்கினார். "எங்காத்துல ஃப்ரிட்ஜுக்குக்கூட உள்பாவாடை உண்டு" என்று அவர் சொன்னால் ஆபீஸ் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கல்பகமும் காபித் தட்டுடன் நின்றபடி சிரிப்பாள். நீர்வண்ணத்துக்குக் காகிதம் எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று அவளுக்கு அவர் அரைமணி நேரம் விளக்கியிருக்கிறார். அவள் பின்னியதில் ஒரு பூவுக்காவது என்ன பெயர் என்று கேட்டதில்லை.

விரல்கள் நின்றுபோனபோது அவள் மகளுக்கு ஒரு சால்வை பின்னிக்கொண்டிருந்தாள். மகள் ப்ரியம்வதா கொண்டாப்பூரில் இருக்கிறாள், வேலை மாதாப்பூரில். அவளுடைய ஆபீஸ் ஏசி, மனிதர்களுக்காக இல்லாமல் கம்ப்யூட்டர்களுக்காகப் போடப்பட்டது. குளிர்கிறது என்று அவள் ஒருமுறை போனில் சொல்லப்போக, சந்தன நிற நூல் வாங்கி ஆரம்பித்தது. பாதியில் நின்ற சால்வையை ஊசியோடு சுற்றி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்திருந்தாள். இந்த வருஷம் புது டாக்டர், புது மருந்து. கூடவே கையில் வைத்து அமுக்குவதற்கு ஒரு மஞ்சள் ரப்பர் பந்து. காலை நூறு தடவை, மாலை நூறு தடவை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் ஊசி பிடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "விஜயதசமி அன்னிக்கு எடுத்துடுவேன் பாரு" என்று ப்ரியம்வதாவிடம் அவள் சொன்னபோது ஜகதீசனும் அதே அறையில்தான் இருந்தார். அச்சுக் காகிதத்தில் ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பற்றி மாப்பிள்ளை அனிருத்திடம் பேசிக்கொண்டிருந்தார். அனிருத் "ஹவ், ஹவ்" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அச்சுக்கலையில் அவர் தேர்ந்தெடுத்தது கொலாகிராஃப். விஷயம் எளிது. ஓர் அட்டையில் சொரசொரப்பான எதையாவது ஒட்ட வேண்டும். இலை, சாக்கு, உப்புத்தாள், எதுவானாலும் சரி. மேலே இரண்டு கை வார்னிஷ். காய்ந்ததும் மை தேய்த்துத் துடைத்தால், பள்ளத்தில் மை நிற்கும், மேட்டில் போய்விடும். அதன்மேல் ஈரக் காகிதம் வைத்து, கம்பளி போர்த்தி, இரண்டு உருளைக்கு நடுவே விட்டு அழுத்தினால் அச்சு. ஒரே அட்டையில் பத்துப் பிரதிகூட எடுக்கலாம். உருளை இயந்திரம் வாங்கப் போனால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். முப்பத்திரண்டு வருஷ விஞ்ஞானி அதற்கெல்லாம் அசருவாரா? ராணிகஞ்சில் பழைய இரும்புக் கடையில் ஒரு கரும்புச்சாறு மெஷினைப் பிடித்தார். உருளைகளைக் கடைசல் பட்டறையில் கொடுத்து மழமழவென்று ஆக்கி, பால்கனியில் நிறுத்தினார். அகலம் பதினான்கு அங்குலம். முதல் ஓட்டத்தைப் பார்க்கக் கீழ்வீட்டு தேவராஜ் வந்து மெஷினை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சார், இஞ்சியும் எலுமிச்சம்பழமும் வெச்சுத்தான கொடுப்பீங்க?"

ஆய்வு எண் ஒன்றிலிருந்து நாற்பத்தாறு வரை எல்லாம் தோல்வி. வேப்பிலை கூழானது. வெங்காயத் தோல் மெஷினோடு ஒட்டிக்கொண்டது. சாக்குத் துணி, சாக்குத் துணி மாதிரியே விழுந்தது. மணல் ஒட்டியதில் உருளையில் கீறல் விழுந்து, அந்தக் கீறல் அதற்குப் பிறகு வந்த எல்லாப் படத்திலும் மின்னல் போல ஓடியது. அதற்கு "உள்ளொளி" என்று தலைப்புக் கொடுத்துப் பார்த்தார். "அப்பா, நக்கோப்பா. வேண்டாம்" என்றாள் ப்ரியம்வதா. ஓய்வுபெற்ற ஒருவர் தான் இன்னும் எதற்காவது உதவுவோம் என்று நிரூபிக்க நாற்பத்தாறு வாய்ப்புகள் போதுமானவை என்று உலகம் நினைக்கலாம். ஜகதீசன் நினைக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை காலை, ப்ரியம்வதா லீவு போட்டு அம்மாவை விரல் பயிற்சிக்கு அழைத்துப் போயிருந்தாள். ஜகதீசன் தெர்மோகோல் தேடிப் பரணில் ஏறினார். டப்பா கைக்கு வந்தது. திறந்தார். சந்தன நிறத்தில் இரண்டடி அகலத்துக்குப் பூவும் வலையுமாக மடிந்து கிடந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவியின் குரோஷாவை அவர் உற்றுப் பார்த்தார். பாராட்டிப் பார்த்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம், மை எங்கே தங்கும் என்றுதான் பார்த்தார். ஐந்து வருஷமாக யாரும் தொடாத பொருள், கைவிடப்பட்ட பொருள் என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டார். போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. அதைப் போட்டு வைக்க வாசலில் தொங்கும் உறையைப் பின்னியவளும் அவள்தான்.

பதினான்கு அங்குல மெஷினில் இரண்டடித் துணி போகாது. கத்தரிக்கோலை எடுத்தார். குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு. வெட்டிய ஓரத்தில் ஒரு கண்ணி மெல்ல வாயைத் திறந்தது. அதைப் பிடித்திருந்த கண்ணி அவிழ்ந்தது. அதற்கடுத்தது. யாரோ உள்ளேயிருந்து நிதானமாக நூலை இழுப்பதுபோல வரிசை தானாகவே கழன்றுகொண்டு போனது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம் என்று பிற்பாடு அவர் பலமுறை நினைத்துக்கொண்டார். நினைக்கும்போதெல்லாம் அந்த நூல் இன்னும் கழன்றுகொண்டே இருந்தது. அன்றைக்கு அவர் பதறிப்போய்ச் செய்தது, அரை டப்பா ஃபெவிகாலை அதன் தலையில் கவிழ்த்ததுதான்.

பதினோரு மணி வெயிலில் அட்டை காய்ந்தது. வார்னிஷ். மறுபடி வெயில். கருநீல மையைத் தேய்த்துத் துடைத்து, ஈரத்தாள் வைத்து, கைப்பிடியைச் சுற்றினார். கம்பளியை விலக்கித் தாளின் ஒரு மூலையைப் பிடித்து உரித்தார். வெள்ளைக் காகிதத்தில் ஒவ்வொரு இழையும் இருந்தது. இழையின் முறுக்கு இருந்தது. ஒரு பூவின் இதழில் விரல் அழுத்தமாக இழுத்ததும் அடுத்த இதழில் வலித்துத் தளர்ந்ததும் தெரிந்தது. கீழ் வரிசைகளில் சீராக நடந்துவந்த பின்னல், மேலே போகப்போக எங்கெங்கோ நின்று மூச்சு வாங்கியிருந்தது. ஒரு கை எப்படிப் படிப்படியாகத் தோற்றது என்பதைத் தேதி வாரியாகக் காட்டும் வரைபடம் போலிருந்தது அது. களைப்பைப் படிக்கத் தெரிந்த மனிதருக்கு அதைப் படிக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. இதுவரை தான் செய்ததிலேயே சிறந்த படம் இது என்று அவருக்குத் தெரிந்தது. அதைச் செய்தது தான் இல்லை என்பதும் கூடவே தெரிந்தது. நோட்டில் "ஆய்வு எண் 47" என்று எழுதி, முடிவு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். சத்தியமாக. ஒரு மணிக்கே வாசல் மணி அடித்தது. கல்பகம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். வீங்கிய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுங்கி நடுங்கி நெருங்கி, தொட்டன.

"பாருங்கோ! தொட்டுடுத்து!"

"அம்மா கிளினிக்லயே கண்ல தண்ணி விட்டுட்டா" என்றாள் ப்ரியம்வதா.

"பேஷ், பேஷ்" என்றார் ஜகதீசன். கையில் இருந்த கருநீல மையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ப்ரியம்வதா கிளம்பிப் போனாள். கல்பகம் படுத்துத் தூங்கினாள். ஜகதீசன் தன் வாழ்க்கையின் மிகத் துல்லியமான ஆய்வில் இறங்கினார். சமையலறைத் தராசில் ஒரு குரோஷா உறையை நிறுத்து, பரப்பளவைக் கணக்கிட்டு, சால்வையின் எடை நூற்றெழுபது கிராம் இருந்திருக்கும் என்று முடிவுக்கு வந்தார். இடது விலாவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை விழுந்த பழைய பனியன் ஒன்று நூற்றிருபது கிராம் இருந்தது. இரண்டு கைக்குட்டை சேர்த்ததில் கணக்கு நேரானது. ஊசியை மேலே வைத்து மூடி, டப்பாவை ஆட்டிப் பார்த்தார். சத்தமும் சரியாகவே இருந்தது. அவள் விஜயதசமிக்குத்தான் எடுப்பாள், அதற்குள் பக்குவமாகச் சொல்லிவிடலாம், அதற்கும் முன்னால் அவள் டப்பாவை இடம் மாற்றித் தூக்கினால் வித்தியாசம் தெரியக் கூடாது, இவ்வளவுதான் யோசனை. வெட்டி மீந்த பாதியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, அச்சுப் படத்தோடு சேர்த்துக் கம்பளிக்கு அடியில் ஒளித்தார்.

பக்குவமான நேரம் என்று ஒன்று வரவேயில்லை. வந்ததெல்லாம் கல்பகத்தின் கேள்வி. சாப்பாடு போடும்போது ஒவ்வொரு நாளும் கேட்டாள், முன்பெல்லாம் கேட்காதவள்.

"இன்னிக்கு என்ன ஒட்டினேள்?"

"சணல்."

மறுநாள், "இன்னிக்கு?"

"சணல்தான். வேற நெசவு."

"ஓ" என்பாள். மோரை ஊற்றுவாள்.

ஒரு வாரம் கழித்து, வீடு பெருக்க வரும் நாகம்மா சோபாவுக்கு அடியிலிருந்து மஞ்சள் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "சாரு, ஈ பந்தி எக்கட பெட்டாலி?" என்று அதை எங்கே வைப்பது எனக் கேட்டாள். ஜகதீசன் வாங்கிப் பார்த்தார். தூசி படிந்திருந்தது. நல்ல பிடிமானம். ஒரு பழைய துணியில் கட்டினால் மை ஒற்ற ரொம்ப வசதியாக இருக்கும் என்று தோன்ற, அப்படியே கட்டி ஒற்றினார். கல்பகம் பால்கனிப் பக்கம் வந்தவள் அவர் கையில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போனாள். பந்து எத்தனை நாளாக சோபாவுக்கு அடியில் இருந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

படத்தை அவர் யாருக்கும் காட்டுவதாக இல்லை. ஆனால் ஹர்ஷிதா வந்தாள். மாதாப்பூரில் காபிக் கடையும் கலைக்கூடமுமாக ஓர் இடம் நடத்துகிற பெண். ப்ரியம்வதாவின் சிநேகிதி. "மூத்த குரல்கள், புதிய கைகள்" என்று ஒரு கண்காட்சி வைக்கப்போகிறாள். நாற்பத்தாறு படங்களையும் மரியாதையாகப் புரட்டியவள், கம்பளிக்கு அடியில் இருந்த நாற்பத்தேழைத் தானே உருவி எடுத்துவிட்டாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தாள்.

"சார், இதி மீ பெஸ்ட் ஒர்க்" என்றாள், இதுதான் அவர் செய்ததிலேயே சிறந்தது என்று.

"அது வேண்டாம்மா. முடியாத படம்."

"முடியாததுதான் சார் அதுல விஷயமே" என்றாள் ஆங்கிலத்தில். படத்தோடு தொங்கவிட ஒரு பக்கக் குறிப்பும் அவளே எழுதி அனுப்பினாள். இல்லாமையின் நரம்புகள், உழைப்பின் நிழல், ஆண் பார்வையில் வீடு என்றெல்லாம் அதில் இருந்தது. ஜகதீசன் முதல் தடவை படித்தபோது வெட்கப்பட்டார். இரண்டாம் தடவை சம்மதித்தார். மூன்றாம் தடவை படிக்கையில், இதையெல்லாம் தான் யோசித்துத்தான் செய்தோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

கண்காட்சி செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, விஜயதசமிக்குச் சில நாள் முன்னால். புது கதர் குர்தா போட்டுக்கொண்டார். கல்பகம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். காரில் மாதாப்பூர் போகும் வழியெல்லாம் சொல்லிவிட வாயெடுத்தார். ஒவ்வொரு சிக்னலிலும் வாயெடுத்தார். பச்சை விழுந்துகொண்டே இருந்தது. நெரிசலுக்குப் பெயர்போன அந்தச் சாலை அன்றைக்கென்று காலியாக இருந்தது.

கூடத்தில் முப்பது நாற்பது பேர். ஏசி ஐஸ் கட்டியாக அடித்தது. ப்ரியம்வதா வழக்கம்போல இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டு ஓரமாக நின்றாள். நடுச்சுவரில், தனி விளக்கின் கீழ், ஆய்வு எண் 47. கல்பகம் நேராக அதனிடம் போனாள். கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள். காகிதத்தைத் தொடாமல் காற்றிலேயே விரலை நகர்த்தி, உதடு அசைய ஏதோ எண்ணினாள். ஜகதீசன் பக்கத்தில் போய் நின்றார். 

"பதினெட்டாவது வரிசையில ஒரு கண்ணி விட்டிருக்கேன்" என்றாள் கல்பகம். "தெரியறதா? இங்க. இதுலேந்துதான் பூவெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சுடுத்து."

"கல்பா, நானே சொல்லணும்னுதான்..."

"அப்பவே தெரியும் எனக்கு. கை நன்னா ஆனதும் அதுவரைக்கும் பிரிச்சுட்டு, அங்கேந்து சரியாப் போடலாம்னு இருந்தேன். நூல்தானே, பிரிச்சா வந்துடும்." படத்தை மறுபடி பார்த்தாள். "இதைப் பிரிக்க முடியாது, இல்லையா?"

"முடியாது."

"ம்."

"உனக்கு எப்போ..."

"விரல் தொட்டுதே, அதுக்கு மறுநாள். தசமி வரைக்கும் பொறுக்கலை. நாகம்மாவை விட்டு எடுத்துத் தரச் சொன்னேன். தூக்கறப்போ ஒண்ணும் வித்தியாசமே தெரியலை." கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள். அந்த உறையும் சந்தன நிறத்தில் இருந்தது. "திறந்தா உங்க பனியனும் ரெண்டு கைக்குட்டையும். ஒரே பரண் வாசனை. நாகம்மாகிட்ட குடுத்துத் தோய்ச்சு உங்க அலமாரியிலேயே வெச்சுட்டேன்."

  கல்பகம் பக்கத்தில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை. சாப்பாடு போடும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வைதான்.

அந்த நேரம் பார்த்து ஹர்ஷிதா மைக்குடன் வந்தாள். எல்லோரும் திரும்பினார்கள். அனிருத் போனை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினான். "சார், இந்த நெசவு எப்படிக் கிடைச்சுதுன்னு கொஞ்சம் சொல்லுங்க. என்ன மெட்டீரியல்? உங்க ப்ராசெஸ் என்ன?" என்று கேட்டு மைக்கை அவர் கையில் கொடுத்தாள். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஜகதீசன் நீர்வண்ணக் காலத்திலிருந்து காத்திருந்தவர். மைக்கைப் பிடித்தார்.  கல்பகமும் மற்றவர்களைப் போலவே பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"இது..." என்றார். "இது நான்..."

மேலே ஏசி மறுபடி ஓடத் தொடங்கியது. குர்தாவுக்குள் இடது விலாவில், ஒரு ரூபாய் அகலத்துக்கு, சில்லென்று காற்றுப் பட்டது.

அவர் போட்டிருந்தது அந்தப் பனியன்தான்.